உப்பைக் காக்கும் ஓமோன்

சிறுநீரகங்களின் உச்சியில் அமைந்துள்ள அதிரீனற் சுரப்பிகளின் பயன் நெடுங்காலம் விளங்காதிருந்தது. 1855ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் தோமஸ் அடிசன், இவை பழுதுற்றோர் மெலிந்து, தோல் கருகி, இறுதியில் மாள்வதை எடுத்துக்காட்டினார். மறு ஆண்டே பிரௌன்-சேக்கார் விலங்குகளிலிருந்து இச்சுரப்பிகளை அகற்ற, அவை விரைவில் மடிந்தன. ஏன் மடிந்தன என்பதற்கு முக்கால் நூற்றாண்டு விடையில்லை.

விடை உப்பிலே இருந்தது. சுரப்பியை இழந்த விலங்கு சோடியத்தைச் சிறுநீருடன் ஓயாது இழக்கின்றது. பொற்றாசியமோ குருதியில் தேங்குகின்றது. சோடியத்துடன் நீரும் வெளியேறுவதால் குருதியின் கனவளவு குறுகி, அமுக்கம் வீழ்கின்றது. சுரப்பி அகற்றப்பட்ட எலிகள் உப்புநீரைத் தாமே நாடி மிகுதியாகப் பருகுவதை 1936இல் அமெரிக்கரான றிக்ரர் கண்டார். எந்த வைத்தியரும் அவற்றுக்கு அதனை விதித்தாரில்லை!

அச்சுரப்பியிலிருந்து பல ஸ்டெரோயிட்டுகளைப் பளிங்குகளாகப் பிரித்தெடுத்த சுவிஸ் இரசாயன அறிஞர் றைக்ஸ்ரைன், 1937இல் டிஒக்சிகோட்டிகோஸ்டெரோன் என்பதைச் செயற்கையாக ஆக்கினார். அது சோடியத்தைத் தேக்கியது, பலரும் அமைதியடைந்தனர். ஆனால் பளிங்குகளை நீக்கியபின் எஞ்சிய பசைப்பொருளில் இன்னும் வலிய ஆற்றல் இருந்தது. சக்கையெனத் தள்ளத்தக்க இதனையே இலண்டனில் சில்வியா சிம்சனும் ஜேம்ஸ் ரெயிற்றும் பற்றிக்கொண்டனர். சுரப்பியற்ற எலிகளுக்குக் கதிர்வீசும் சோடியத்தையும் பொற்றாசியத்தையும் செலுத்தி, சிறுநீரில் அவ்விரண்டின் விகிதத்தை அளந்தனர். இரசாயனத் தராசு காணாததை எலியின் சிறுநீரகம் காட்டிக்கொடுத்தது. 1953இல் றைக்ஸ்ரைன் குழுவினருடன் கூடி, 500 கிலோகிராம் மாட்டுச் சுரப்பிகளிலிருந்து அவர்கள் பெற்ற பளிங்கு 21 மில்லிகிராம் மாத்திரமே. அதுவே அல்டொஸ்டெரோன்.

காக்கும் பொருள் மிகுந்தால் கேடு செய்வதும் உண்டு. 1943இல் செலியே குழுவினர் டிஒக்சிகோட்டிகோஸ்டெரோனுடன் உப்பையும் கொடுத்து விலங்குகளிற் கடும் குருதியமுக்கத்தை உண்டாக்கினர். உப்பைக் குறைத்தால் அமுக்கம் அவ்வளவாக ஏறுவதில்லை. ஆகவே பழி முழுவதையும் ஓமோன்மேற் சுமத்துவது நேரிதன்று. விலங்குக்குப் பெருமளவிற் செலுத்திக் கண்டது மனிதருக்குப் பொருந்துமோ என்ற ஐயத்தை மிச்சிகனில் ஜெரோம் கொன் நீக்கினார். உயரமுக்கமும் தசைத்தளர்ச்சியும் பொற்றாசியக் குறைவும் கொண்ட 34 வயதுப் பெண்ணொருவரின் அதிரீனலில், அல்டொஸ்டெரோனை மிகையாகச் சுரக்கும் கட்டி இருந்தது. 1954 டிசெம்பரில் அது அகற்றப்பட்டபின் அவருடைய அமுக்கம் தணிந்தது. மிக அரிதென எண்ணப்பட்ட அந்நோய், உயரமுக்கமுடையோரைச் சோதிக்கச் சோதிக்க, அத்துணை அரிதன்று எனப் பின்னர் தெரியவந்தது.