கிறீஸ் தேவையில்லாத மூட்டு: ஹெலியின் வாலுக்குள் இறப்பர் வந்த கதை

அளவெட்டிக்கும் பலாலி ஓடுபாதைக்கும் இடையில் சில மைல் தூரம்தான். அதனால் எங்கட ஊரில் ஹெலி எண்டால் முதலில் சத்தம், பிறகுதான் உருவம். பங்கருக்குள் இருந்தபடியே அது எந்தத் திசையில போகுது எண்டு சொல்லக்கூடிய ஒரு தலைமுறை இங்க இருக்கு. ஆனால் அந்த மெசினுக்குள்ள என்ன இருக்கு எண்டதை நாங்கள் பெரிசா கதைச்சதில்லை. அதிலுள்ள ஒரு சின்னத் துண்டின் வரலாறு இது.

1939 செப்டெம்பர் 14இல் இகோர் சிகோர்ஸ்கியின் விஎஸ்-300 நிலத்தை விட்டு எழும்பியது. மேலே பெரிய சுழலி ஒரு பக்கம் சுற்ற, உடம்பு மற்றப் பக்கம் திரும்பப் பார்க்கும். அதைத் தடுப்பது வாலிலுள்ள சின்னச் சுழலி. விமானி பெடலை மிதிக்க அதன் இறக்கைகள் சில பாகை திரும்பும். சிக்கலே அந்தச் சில பாகையில்தான். சைக்கிள் பெயாரிங் முழுதாகச் சுற்றும், கிறீஸ் எல்லா இடமும் பரவும். இதுவோ ஒரே இடத்தில் ஆடிக்கொண்டிருக்கும். இறக்கையை வெளியே இழுக்கும் விசையும் மிகப் பெரிது. கிறீஸ் விலக, குண்டுகள் பள்ளம் தோண்டத் தொடங்கும்.

தீர்வுக்கு வழிகாட்டியது பாலங்கள். 1950களில் பாலங்களின் கீழே இறப்பரையும் உலோகத் தகட்டையும் மாறி மாறி ஒட்டி வைத்தார்கள். ஒரு கொப்பியை மேலிருந்து அமத்தினால் நசியாது. பக்கவாட்டில் தள்ளினால் தாள்கள் வழுக்கும். அதே மாதிரித்தான். மெல்லிய இறப்பர் அமுக்கத்தைத் தாங்கும், முறுக்கத்துக்கு இணங்கும். 1979இல் பறந்த பெல் 412இன் சுழலித் தலையில் இத்தகைய பெயாரிங்குகள் இருந்தன. 1876இல் ஹெனரத்கொடவில் நட்ட கன்றுகளோடு இலங்கைக்கு வந்த அதே இறப்பர், இப்ப வானத்தில வேலை செய்யுது.

சோதனை பொறுமையான வேலை. பறப்பில் வரும் அதே இழுவையைக் கொடுத்து, லட்சக்கணக்கான தடவை முறுக்குவார்கள். இறப்பர் எவ்வளவு சூடாகுது, விறைப்பு எவ்வளவு குறையுது எண்டு அளப்பார்கள். இதன் பெரிய நன்மை, அது பெரும்பாலும் திடீரென உடையாது. விளிம்பில் வெடிப்பும் இறப்பர்த் துகளும் முதலே கண்ணுக்குத் தெரியும்.

பெங்களூரில் 1992 ஓகஸ்ட் 20இல் முதலில் பறந்த துருவ் இன்னும் ஒரு படி போனது. அதன் வால் சுழலியில் அந்தப் பெயாரிங்கே இல்லை. கூட்டுப்பொருளால் செய்த தண்டு தானே முறுகும். ஆனால் 2005 நவம்பரில் ஒரு துருவ் விழுந்தபோது, வால் சுழலி இறக்கைகளில் கோளாறு எண்டு எல்லாத் துருவ்களையும் நிறுத்தி, இறக்கைகளை வேறு பொருளில் செய்ய வேண்டி வந்தது. சோதனை ஒருநாளும் முடிஞ்சுபோறதில்லை.

கிறீஸ் தேவையில்லாத மூட்டு, பட்டறையில் நிற்கும் நேரத்தைக் குறைக்கும். நோயாளியை ஏத்தப் போற ஹெலிக்கு அது வரம். போரில அதே மிச்ச நேரம் எங்கட தலைக்கு மேல கழியும். பொறியியல் புத்தகம் முதலாவதை எழுதும். ரெண்டாவதை எழுத வேண்டியது, கீழே நிண்டு அண்ணாந்து பார்த்த ஊர்கள்தான்.