புதுவைக்கு வந்து சேர்ந்த சட்டம்

பிறப்பையே குற்றமாக எழுதிவைத்த சட்டங்கள் இருந்தன என்பதை ஒடுக்கப்பட்ட மக்களாகிய நாம் நன்கறிவோம். அதே கொடுமைக்கு ஆளான வேறு சிலரின் வரலாற்றை இவ்வெள்ளி விழா மலரில் எண்ணிப் பார்த்தல் பொருத்தமாகும். பெண்ணை விரும்பும் பெண்டிர், இருபாலாரையும் விரும்புவோர், திருநங்கையர், திருநம்பியர் ஆகியோரே அவர்கள்.

ஆங்கிலேயர் இயற்றிய 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், தன் 377ஆம் பிரிவில், ‘இயற்கைக்கு மாறான’ உறவுக்கு ஆயுள் தண்டனை வரை வகுத்தது. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் வட இந்தியத் திருநங்கையரையும் பதிவேட்டில் ஏற்றியது. பதிவானவர் பெண்ணுடை தரித்துப் பொதுவிடத்தில் தோன்றினால் ஈராண்டு வரை சிறை.

புதுவையின் வரலாறு வேறு. பிரான்சு நாடு 1791ஆம் ஆண்டிலேயே ஒருபால் உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. ஆகவே பிரெஞ்சு ஆட்சி நாளில் மூலக்குளத்தில் 377ஆம் பிரிவு இல்லை. 1954இல் ஆட்சி கைமாறி, 1962இல் இணைப்பு சட்டப்படி நிறைவெய்திய பின், 1963இல்தான் இந்தியத் தண்டனைச் சட்டம் இங்கு நீட்டிக்கப்பட்டது. ஆங்கிலேயர் வடித்த விலங்கு, பிரெஞ்சுக்காரர் அகன்ற பின்னர் நம் ஊரை வந்தடைந்தது!

அது அறுபட ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. தம் பாலினத்தைத் தாமே உரைக்கும் உரிமை திருநருக்கு உண்டென 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வயது வந்தோர் மனமொத்துக் கொள்ளும் உறவு குற்றமன்று என 2018 செப்டம்பர் 6ஆம் நாள் அறிவித்தது.

எனினும் இழிவு நீங்கிற்றா? திருநருக்குப் பாலியல் கொடுமை இழைப்பவர்க்கு 2019ஆம் ஆண்டின் திருநர் பாதுகாப்புச் சட்டம் விதித்தது ஆறு மாதம் முதல் ஈராண்டு வரையிலான சிறையே. அன்று பெண்ணுடை தரித்ததற்கு ஈராண்டு. இன்று அவ்வுடையினரைச் சிதைத்தவனுக்கும் ஈராண்டு!

வீடும் காவல் நிலையமும் தந்த துன்பத்தை மற்றொரு வழக்கு காட்டும். பெற்றோரின் எதிர்ப்பால் மதுரையை விட்டுச் சென்னை வந்த இரு இளம்பெண்கள், காவல்துறையின் தொல்லை தாளாது, சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினர். நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ், இப்பொருளில் தமக்கு முழுத் தெளிவில்லை என வெளிப்படையாக உரைத்து, உளவியல் வல்லுநரிடம் பாடம் கேட்டார். 2021 ஜூன் 7ஆம் நாள், இத்தகையோரை ‘மாற்றுவதாக’க் கூறும் மருத்துவத்தைத் தடை செய்தார். அந்நீதிமன்றத்தின் எல்லைக்குள் புதுவையும் அடங்கும்.

சட்டங்கள் வரும், போகும். ஏளனத்தை வகுப்பறையே அகற்ற வல்லது. வகுப்பறைக்கு வெளியே நிறுத்தப்பட்டவரின் வழித்தோன்றல்கள் நாம். நீதியரசரே மாணவராக அமர்ந்தார் எனில், கல்விக்கெனக் கழகம் கண்ட நாம் அப்பாடத்தைக் கற்கத் தயங்கலாமா?