வடதிராவிடக் கிளை: மூன்று மொழிகளின் உறவு பற்றிய ஆராய்ச்சி

மக்கட் குடிகளுக்குக் கால்வழி இருத்தல் போல மொழிகளுக்கும் கால்வழி உண்டு. மக்களின் கால்வழியை முன்னோர் பெயராலும் காணி உறுதிகளாலும் அறிந்துகொள்ளலாம். நெடுங்காலம் எழுத்தின்றி வழங்கிய மொழியொன்றின் கால்வழியையோ, அதன் சொற்களிடமிருந்தே கேட்டறிதல் வேண்டும். திராவிட மொழிக் குடும்பத்துள் இத்தகைய கேள்விக்கு இலக்காகி, அறிஞர் பலரை நெடுங்காலம் மயங்கவைத்திருப்பது ‘வடதிராவிடம்’ என வழங்கும் சிறு கிளையாகும். குருக், மால்தோ, பிராகூயி என்னும் மூன்று மொழிகளே அக்கிளையின் உறுப்புகளாகச் சொல்லப்படுவன. அவை மூன்றும் உண்மையிலேயே ஒரு கிளையில் தோன்றியனவா? தமிழரின் பழமை பேசுவோர் அடிக்கடி எடுத்துக்காட்டும் சான்றொன்று இவ்வினாவின் விடையிலே தங்கியிருத்தலால், இது மொழிநூலார்க்கு மட்டும் உரிய ஆராய்ச்சியன்று.

முதற்கண் அம்மொழிகள் வழங்கும் இடங்களை நோக்குவோம். குருக் மொழியைப் பேசுவோர் ஓராஒன் என்னும் பழங்குடியினர். சோட்டா நாகபுரி மேட்டுநிலத்திலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் அவர்கள் வாழ்கின்றனர். 2011 ஆம் ஆண்டின் இந்தியக் குடிமதிப்பின்படி அவர்தம் மொழியைப் பேசுவோர் ஏறத்தாழ 20 இலட்சம் பேர். மால்தோ, கங்கை வளைந்து தெற்கு நோக்கித் திரும்புமிடத்திலுள்ள இராஜ்மகால் மலைகளில் வழங்குவது. அதனைப் பேசுவோர் 2 இலட்சத்துக்குச் சற்று மேற்பட்டோர். பிராகூயியோ பாகிஸ்தானிலுள்ள பலூச்சிஸ்தானத்தில், கலாத் நகரைச் சூழ்ந்த வறண்ட மலைநாட்டில் வழங்குகின்றது. இராஜ்மகாலுக்கும் கலாத்துக்கும் இடையே ஏறத்தாழ 2,000 கிலோமீற்றர் தொலைவுண்டு. இடைப்பட்ட பெருநிலத்தில் வேறொரு திராவிட மொழியும் இன்று இல்லை.

இம்மொழிகளின் உறவு ஒரே நாளில் வெளிப்பட்டதன்று. சென்னையிற் கலெக்டராக இருந்த எல்லிஸ், கேம்பலின் தெலுங்கு இலக்கணத்துக்கு 1816 இல் எழுதிய முன்னுரையில், தென்னாட்டு மொழிகள் வடமொழியினின்று பிறவாத தனிக் குடும்பத்தின என்பதை நிறுவினார்; இராஜ்மகால் மலைமக்களின் மொழியிலும் தமிழ், தெலுங்குச் சொற்களை ஒத்தவை காணப்படுதலை அவர் அப்போதே குறித்தார். செர்மானிய அறிஞர் லாசன் 1844 இற் பிராகூயியை ஆராய்ந்து, அதன்கண் திராவிடக் கூறுகள் உள்ளன என்றார். கால்டுவெல் ஐயரின் ஒப்பிலக்கணம் 1856 இல் வெளிவந்தது. 1875 இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பு திராவிட மொழிகள் பன்னிரண்டு எனக் கணக்கிட்டது. அப்பன்னிரண்டனுள் ஓராஒன் மொழியும் இராஜ்மகால் மொழியும் இடம்பெற்றன, பிராகூயி இடம்பெறவில்லை. அதனிடத்துத் திராவிடக் கூறு உண்டெனக் கண்டும், அதனைக் குடும்பத்துள் ஒருவராக ஏற்கக் கால்டுவெல் தயங்கினார்.

பின்னர் வந்தோர் இம்மொழிகளுக்கு இலக்கணம் வகுத்தனர். பாதிரியார் டுரோசே 1884 இல் மால்தோவுக்கும், பாதிரியார் ஹான் 1900 இற் குருக்குக்கும் இலக்கணம் எழுதினர். பலூச்சிஸ்தானத்தில் அரசாங்க உத்தியோகத்தராயிருந்த டெனிஸ் பிரே 1909 இற் பிராகூயி இலக்கணத்தையும், 1934 இல் அதன் சொற்பிறப்பையும் அகராதியையும் வெளியிட்டார். அதன்பின் பிராகூயி திராவிட மொழியே என்பதில் ஐயத்துக்கு இடமில்லாமற் போயிற்று.

கால்டுவெல் தயங்கியதற்குக் காரணம் இல்லாமலில்லை. பிராகூயிச் சொற்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 15 மட்டுமே திராவிடச் சொற்கள். எஞ்சியவை பலூச்சி, பாரசீகம், சிந்தி, அரபு முதலியவற்றினின்று வந்து புகுந்தவை. எனினும் ஒரு மொழியின் உடல் வேறு, உடை வேறு. மன்னார்த் தீவு 1560 இற் போர்த்துக்கேயர் கைப்பட்டது. அவர்கள் விட்டுச் சென்ற மேசையும் அலமாரியும் சாவியும் சன்னலும் இன்றும் தமிழர் வீடுகளிற் சொல்லாகவும் பொருளாகவும் நிற்கின்றன. அத்தீவிலுள்ள தாராபுரம் போன்ற ஊர்களில் வாழும் முஸ்லிம் மக்களின் பேச்சில் அரபுச் சொற்கள் பல வழங்குகின்றன. ‘மௌத்தானார்’ என்னுமிடத்து மௌத்து அரபு. ‘ஆனார்’ என்னும் வினைமுடிபோ தமிழ். சொற்கள் எத்துணை வரினும், அவற்றைப் பிணித்து வாக்கியமாக்கும் இலக்கணம் தமிழாயிருக்கும் வரை அம்மொழி தமிழே. பிராகூயிக்கும் இதுவே நீதி.

பிராகூயியின் இலக்கணவுடல் திராவிடமே என்பதற்குச் சான்றுகள் பல. அம்மொழியில் முன்னிலை ஒருமை ‘நீ’. முன்னிலைப் பன்மை ‘நும்’. தன்மைப் பன்மை ‘நன்’. எண்ணுப் பெயர்களில் இரண்டுக்கும் மூன்றுக்கும் உரிய ‘இராட்’, ‘முசிட்’ என்பன இரு, மு என்னும் அடிகளை நினைவூட்டுவன. மூன்றுக்கு மேற்பட்ட எண்கள் அங்கே ஈரானிய மொழிகளினின்று கடன் கொள்ளப்பட்டுவிட்டன. எதிர்மறைப் பொருளைத் தனிச்சொல்லாற் கூறாது வினையினுள்ளேயே அமைத்துக் கூறும் பழந்திராவிட வழக்கும் அம்மொழியில் உண்டு. தமிழின் ‘செய்யேன்’ என்னும் வாய்பாடு அத்தகையதன்றோ? எண்ணும் பெயரும் சந்தையிற் கடன் வாங்கத் தக்கவை. வினையின் உள்ளமைப்பு எளிதிற் கடனாகப் பெறத் தக்கதன்று.

குடும்பம் தெளிவாயிற்று. இனிக் கிளை எது என்பதே வினா. இங்கேதான் ஒலியொப்புமை துணைபுரிகின்றது. தமிழிற் ககரத்தை முதலாகவுடைய சொற்கள் வடக்கு மொழிகளில் ஓர் ஒழுங்குடன் திரிந்து நிற்கின்றன. தொண்டையினின்று உரசிப் பிறக்கும் ககரத்தை ‘ஃக’ என ஆய்தமிட்டு எழுதினால், தமிழின் ‘கண்’ குருக்கில் ‘ஃகன்ன்’ எனவும் பிராகூயியில் ‘ஃகன்’ எனவும் வரும். மால்தோவில் அது ‘கனு’ என்றாகும். அங்குக் ககரம் அடிநாவுக்கும் பின்னே, தொண்டையின் ஆழத்திற் பிறக்கும். தமிழின் ‘கல்’ பிராகூயியில் ‘ஃகல்’. ஆயின் இகர உயிர் தொடருமிடத்து இத்திரிபு நிகழ்வதில்லை. தமிழின் ‘கீழ்’ என்பதற்கு இனமான குருக்குச் சொல் ‘கிய்யா’ எனச் சாதாரணக் ககரத்தோடே நிற்கின்றது. இவ்விதியைத் தோமஸ் பரோ 1943 இல் எடுத்துரைத்தார். எமனோ அதனை விரித்து ஆராய்ந்த கட்டுரை, பேராசிரியர் தெ. பொ. மீனாட்சிசுந்தரனாரின் மணிவிழா மலரில் 1961 இல் வெளிவந்தது. திராவிடச் சொற்பிறப்பு அகராதியை அவ்விருவரும் சேர்ந்து வெளியிட்டதும் அவ்வாண்டிலேயே.

ஒலியொப்புமை கொண்டு இழந்துபோன மூலச்சொல்லை மீட்கும் முறைக்குச் ‘செவி’ என்னும் சொல் நல்ல உதாரணமாகும். தமிழிலும் தெலுங்கிலும் அது சகர முதலது, கன்னடத்தில் ‘கிவி’, குருக்கில் ‘ஃகெப்தா’, மால்தோவில் ‘கெத்வு’, பிராகூயியில் ‘ஃகஃப்’. வடகோடியும் கன்னடமும் ககர வகையைக் காட்ட, தமிழும் தெலுங்கும் மட்டும் சகரத்தைக் காட்டுதலின், மூலத்தில் ‘கெவி’ என்பது போன்ற வடிவமே இருந்திருத்தல் வேண்டும். எகரத்தின் முன் ககரம் சகரமானது தமிழிற் பின்னர் நேர்ந்த மாற்றம். இதனால் ஓர் உண்மை பெறப்படும். தமிழின் இலக்கியம் பழையது. ஆயினும் தமிழ்ச் சொல்லின் வடிவமே எவ்விடத்தும் மூலவடிவம் எனக் கொள்ளுதல் பொருந்தாது. நல்லூர்ச் சுவாமி ஞானப்பிரகாசர் (1875–1947) தமிழ் வேர்களினின்றே ஏனைய மொழிகளையும் விளக்கப் பெருமுயற்சி செய்தார். அவருடைய உழைப்பு என்றும் போற்றத்தக்கது. எனினும் தமிழும் குருக்கும் பிராகூயியும் ஒரு தாயின் மக்கள் என்பதே ஒப்பிலக்கணம் காட்டும் முடிபு.

மூன்று மொழிகளும் ‘ஃக’ என்னும் திரிபிற் பங்குகொள்வதனால் அவை ஒரு கிளையே என முடித்துவிடலாமோ? இங்கே மொழிநூலின் தலையாய நியதியொன்றை நினைவுகொள்ள வேண்டும். தாயின் பழைய நகை இரு பெண்மக்களிடத்தும் இருப்பதனால், அவ்விருவரும் மணமான பின்னும் ஒரு வீட்டில் வாழ்ந்தனர் என்பது பெறப்படாது. ஒவ்வொருவரும் தனித்தனியே காத்து வைத்திருக்கலாம். இருவரும் அந்நகையை உருக்கி, முன்பு எவரிடமும் இல்லாத ஒரே புது வேலைப்பாட்டில் அதனைச் செய்வித்திருந்தாலோ, அவர்கள் ஒருங்கு வாழ்ந்தமைக்கு அது சான்றாகும். அவ்வாறே, பழையதைக் காத்தல் கிளையுறவுக்குச் சான்றாகாது. புதியதைச் சேர்ந்து ஆக்குதலே சான்றாகும். அப்புதுமையும் வெவ்வேறிடத்துத் தானே தோன்றக்கூடிய எளிய புதுமையாயிருத்தல் கூடாது.

இந்நியதியாற் சோதித்தாற் குருக்கும் மால்தோவும் உடன்பிறந்த மொழிகள் என்பது உறுதியாகும். ‘கை’ என்பதற்குக் குருக்கில் ‘ஃகெக்கா’, மால்தோவில் ‘கெகெ’; பழைய அடியோடு மற்றுமொரு ககர உறுப்பைச் சேர்த்துக்கொண்ட வடிவங்கள் இவை. தண்ணீருக்குப் பொதுச்சொல்லாக ஒன்றில் ‘அம்ம்’, மற்றதில் ‘அமு’; தமிழ் நிகண்டுகளில் மட்டும் எஞ்சியுள்ள ‘அம்’ என்னும் சொல்லோடு இவற்றுக்கு உறவுண்டு. பிராகூயியிலோ தண்ணீர் ‘தீர்’. இது ‘நீர்’ என்பதன் திரிபென்பர். ஓராஒன் மக்களின் செவிவழிக் கதையும், அவர்தம் முன்னோர் ரோத்தாஸ் கோட்டையை இழந்து பிரிந்தபோது ஒரு பகுதியார் கங்கைக்கரை வழியே இராஜ்மகாலுக்கும் மற்றையோர் சோட்டா நாகபுரிக்கும் சென்றனர் என்கின்றது. இவ்விடத்துக் கதையும் ஒலிநூலும் ஒன்றுக்கொன்று மாறுபடவில்லை. பிபைபர் 1972 இல் வெளியிட்ட குருக் ஒலி வரலாறும், அண்மையிற் கோபயாசி முதலியோர் வெளியிட்ட மால்தோ (2012), குருக் (2017) இலக்கணங்களும் இவ்விரு மொழிகளின் பொதுத் தாயை மீட்டமைத்தற்கு உறுதியான அடித்தளம் இட்டுள்ளன.

பிராகூயியை அவ்வளவு எளிதில் அவற்றோடு சேர்த்தல் இயலவில்லை. குருக்கும் மால்தோவும் ஒருமையில் ஆணைத் தனியே பிரித்துப் பெண்ணையும் அஃறிணையையும் ஒரு பாலாக வைப்பன. பிராகூயியிற் பால் வேறுபாடே மறைந்துவிட்டமையால் அவ்வழியே ஒப்பிடுதற்கு இடமில்லை. மூன்று மொழிகளிலும் வகர முதல் பகரத்தின் மெல்லோசையாகத் திரிந்து, ‘வா’ என்னும் வினை ‘பர்’ என்றும், ‘வாய்’ என்பது ‘பாய்’, ‘பா’ என்றும் வரும். ஆயின் இதே மாற்றம் கன்னடத்திலும் ‘பரு’, ‘பாயி’ என நிகழ்ந்துள்ளது. கன்னடத்தை வடதிராவிடம் என்பார் எவருமில்லை. ஆகவே அது தனித்தனியே தோன்றக்கூடிய மாற்றமாயிற்று. எஞ்சியிருப்பது ககரத் திரிபு ஒன்றே. அதனையும் டேவிட் மக்கால்பின் 2003 இல் மறுத்து, பிராகூயியிற் காணும் மாற்றமும் ஏனை இரண்டிற் காணும் ஒலியும் ஒரே நிகழ்ச்சியின் விளைவல்ல என வாதித்தார். அதே ஆண்டில் வெளிவந்த பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தியின் பெருநூலோ மூன்றையும் வடதிராவிடம் என ஒரு கிளையாகவே வகுத்தது. தூண் பல தாங்கும் மண்டபத்தில் ஒரு தூண் ஆடினாற் கேடில்லை. ஒரே தூணில் நிற்கும் மண்டபத்துக்கு அது பெருங்கேடாகும்.

இவ்வகைப்பாட்டினாற் பயன் யாது எனின், பிராகூயி மக்கள் எங்கிருந்து வந்தனர் என்னும் வரலாற்று வினா இதனோடு பிணைந்துள்ளது. சிந்துவெளி நாகரிகம் தழைத்த நிலத்துக்கு அண்மையிலே திராவிட மொழியொன்று இன்றும் வழங்குதல், அந்நாகரிக மக்கள் திராவிடரே என்பதற்கு உயிருள்ள சான்று எனத் தமிழர் மேடைகளில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகின்றது. பிராகூயி அங்கேயே எஞ்சி நின்ற பழங்குடியின் மொழி என்பது அதன் உட்கிடை. பிரெஞ்சு அறிஞர் பிளாக் அதனை முன்னரே ஐயுற்றார். எல்ஃபென்பைன் 1987 இல் அவ்வையத்தை வலியுறுத்தினார். பிராகூயியில் மிகுந்துள்ள ஈரானியச் சொற்கள் பலூச்சியினின்று வந்தவை. பலூச்சி மக்கள் அந்நாட்டை அடைந்ததோ ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே. பிராகூயியர் மூவாயிரம் ஆண்டுகள் அங்கு வாழ்ந்திருப்பின் அவர்தம் மொழியில் அவெஸ்தா முதலிய பழைய ஈரானிய மொழிகளின் சுவடுகள் இருத்தல் வேண்டும், அவை காணப்படவில்லை. ஆதலின் பிராகூயியர் நடு இந்தியாவிலிருந்து பிற்காலத்தே மேற்கு நோக்கிப் பெயர்ந்தவர் என்பது அவர் துணிபு.

மறுதலையாகவும் வாதிக்கலாம். நூற்றுக்கு 85 சொற்களை இழந்து புதியன கொண்ட மொழியொன்று, பழைய கடன்சொற்களையும் சேர்த்தே இழந்திருத்தல் கூடும். மேலும், மூன்று மொழிகளும் ஒரு காலத்தில் ஒருங்கு வாழ்ந்தன என்பது மெய்ப்பிக்கப்பட்டாலும், எவர் எவரை விட்டுப் பெயர்ந்தனர் என்பதை ஒலித்திரிபு சொல்லாது. கிழக்கே இருந்தவர் மேற்கே சென்றிருக்கலாம். மேற்கே இருந்தவர் கிழக்கே வந்திருக்கலாம். இரு மொழிகள் பிரிந்தமையை மொழிநூல் கூறும். பிரிந்த இடத்தைக் காட்டுதற்குத் தொல்பொருளும் பிற சான்றுகளும் வேண்டும்.

ஆகவே இன்று துணிந்து கூறத்தக்கவை மூன்று. குருக்கும் மால்தோவும் உடன்பிறந்தவை. பிராகூயி திராவிடக் குடும்பத்தது. பிராகூயி அவ்விரண்டுக்கும் உடன்பிறந்ததோ, அன்றித் தனித்துப் பிரிந்த மூத்த கிளையோ என்பது இன்னும் முடிவுறாத வழக்கு. சிந்துவெளி மக்கள் திராவிட மொழி பேசினர் என்னும் கொள்கை வேறு சான்றுகளால் நிலைபெறலாம், பெறாமலும் போகலாம். முடிவுறாத வழக்கொன்றைத் தீர்ப்பாகக் காட்டி அதனை நிலைநாட்டுதல் தகாது. தமிழின் பெருமைக்கு அத்தகைய முட்டுக்கோல் தேவையுமன்று. ஏடும் இலக்கணமும் நெடுங்காலம் இல்லாதிருந்தும், மலைச்சாரல்களிலும் பாலைவெளியிலும் ‘நீ’ எனவும் ‘நும்’ எனவும் இன்றளவும் வழங்கிவரும் எளிய மக்களின் பேச்சு, தமிழின் பழைய வரலாற்றில் எந்த ஏட்டிலும் இல்லாத பக்கங்களைத் தன்னகத்தே கொண்டுள்ளது. அம்மொழிகளை அவற்றின் பொருட்டே கற்கத் தமிழ் மாணவர் சிலர் முன்வருவாராயின், மேனாட்டாரும் பிறரும் தொடங்கிய இவ்வழக்கின் தீர்ப்பைத் தமிழர் கையும் எழுதும்.