மூடிய நெறிமுறையும் கலப்பு வலையமைப்பும்: சாம்பாவின் இருபது ஆண்டுகள் (1992–2012)

யூனிக்ஸ் சர்வர்களும் விண்டோஸ் கணினிகளும் கலந்து இயங்கும் வலையமைப்பை நிர்வகிக்கும் முறை வளர்ந்த கதையைக் கருவிகளின் வரிசையாகச் சொல்வது எளிது. ஆனால் அந்த வளர்ச்சியின் வேகத்தைத் தீர்மானித்தது கருவி செய்யும் திறமை மட்டுமன்று. எதிரே இருக்கும் இயந்திரம் பேசும் நெறிமுறையை அறியும் வாய்ப்பு யாருக்கு இருந்தது என்பதே பெரிய காரணம். யூனிக்ஸ் சர்வரை விண்டோஸ் கணினிகளோடு பேசவைக்கும் சாம்பா மென்பொருளின் வரலாறு இதற்குச் சான்று.

கான்பெராவில் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழக ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், டாஸ் கணினியிலிருந்து சன் யூனிக்ஸ் சர்வரின் கோப்புகளை எடுப்பதற்காக, கம்பியில் ஓடும் தரவுப் பொட்டலங்களைப் பார்த்தே 1992 ஜனவரியில் ஒரு சர்வரை எழுதினார். அதுவே பின்னர் சாம்பா ஆனது. தாம் எழுதியது, விண்டோஸ் கோப்புப் பகிர்வுக்குப் பயன்படும் எஸ்எம்பி நெறிமுறை என்பதே அவருக்குப் பின்னர்தான் தெரியவந்தது. கோப்பைத் திற, படி, மூடு என்பவை வெளியிலிருந்து கவனித்து ஊகிக்கக்கூடிய செயல்கள். ஆகவே அது பலித்தது. சிக்கல் அடையாளச் சரிபார்ப்பில் தொடங்கியது. 1997இல் விண்டோஸ் என்டி 4இன் மூன்றாம் சர்வீஸ் பேக், மறையாக்கம் செய்யாத கடவுச்சொல்லை அனுப்புவதை இயல்பாகவே நிறுத்தியது. பாதுகாப்பு நோக்கில் அது சரியான முடிவுதான். ஆனால் நிர்வாகிக்கு முக்கியமாக இரண்டு வழிகள் எஞ்சின: ஒவ்வொரு விண்டோஸ் கணினியிலும் ரெஜிஸ்ட்ரியைத் திருத்துவது, அல்லது யூனிக்ஸ் கடவுச்சொல் கோப்புக்கு வெளியே சாம்பாவுக்கென்று தனிக் கோப்பை வைத்து இரண்டையும் ஒத்திசைப்பது. பயனர், கணினிக் கணக்குகளை மையமாக நிர்வகிக்க விண்டோஸ் 2000உடன் வந்த ஆக்டிவ் டைரக்டரி இந்தச் சுமையை மேலும் கூட்டியது. கெர்பரோஸ், எல்டாப் ஆகிய பொதுத் தரங்களின்மேல் அது எழுப்பப்பட்டிருந்தாலும், அதை நடத்தும் சர்வர்களான டொமைன் கன்ட்ரோலர்கள் தமக்குள் தரவைப் பகிரும் முறை பொது ஆவணம் எதிலும் இல்லை.

ஆவணம் இல்லாமலேயே 2003இல் சாம்பா 3.0 ஆக்டிவ் டைரக்டரியில் உறுப்பினராகச் சேர்ந்துவிட்டதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆயினும் உறுப்பினராவது வேறு, டொமைனை நடத்துவது வேறு. முன்னதில் விண்டோஸ் கேட்கும் சிலவற்றுக்குப் பதில் சொன்னால் போதும். பின்னதில் விண்டோஸ் கணினிகள் கேட்கக்கூடிய எல்லாவற்றுக்கும் பிழையின்றிப் பதில் சொல்ல வேண்டும்.

இந்தத் தடையை உடைத்தது நிரலாளர்களின் திறமை மட்டும் அல்ல, சட்டமும்தான். ஐரோப்பிய ஆணையம் 2004 மார்ச்சில் மைக்ரோசாஃப்டுக்கு 49.7 கோடி யூரோ அபராதம் விதித்து, சர்வர் நெறிமுறைத் தகவலைப் போட்டியாளருக்குத் தர ஆணையிட்டது. 2007 செப்டம்பரில் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அவ்வாண்டு டிசம்பரில், சாம்பா குழுவின் சார்பில் ஓர் அறக்கட்டளை 10,000 யூரோ கட்டி ஆவணங்களைப் பெற்றது. அபராதத்தோடு ஒப்பிட்டால் அற்பத் தொகை!

அதன் பிறகும் டொமைனை நடத்தும் சாம்பா வெளிவர ஐந்தாண்டுகள் ஆயினவே, அப்படியானால் ஆவணம் தீர்மானமான காரணமா என்ற மறுப்பும் எழும். ஆவணம் நிரலை எழுதித் தராது என்பது உண்மையே. டைரக்டரி, கெர்பரோஸ், டிஎன்எஸ் மூன்றையும் ஒன்றாக இயங்கச் செய்யும் உழைப்பு மிச்சமிருந்தது. ஆனால் ஊகித்துச் சோதிக்கும் வேலை, படித்துச் செயல்படுத்தும் வேலையாக மாறியது. ஆக்டிவ் டைரக்டரி டொமைன் கன்ட்ரோலராகவே இயங்கும் சாம்பா 4.0, 2012 டிசம்பரில் வெளிவந்தது. மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட நெறிமுறை ஆவணங்களின் துணையோடு அது உருவானது என்று சாம்பா குழுவே அதன் வெளியீட்டு அறிவிப்பில் பதிவுசெய்திருக்கிறது.