குழாய்க்குள் கேமரா, குழிக்குள் ஆள்

எங்க நைனா முப்பது வருசம் சாக்கடை அடைப்பு எடுத்தவர். நிரந்தர வேலை கிடையாது, ஒப்பந்தக் கூலி. அவருடைய கருவிகள் மூன்று: மூங்கில் பிளாச்சு, இரும்புக் கொக்கி, வாளி. நாலாவது கருவி அவர் உடம்பு. காலை விட்டுத் துழாவியே அடியில் கிடப்பது மண்ணா, துணியா, உடைந்த செங்கல்லா என்று சொல்லிவிடுவார்.

2019 மழைக்காலத்தில் அண்ணா நகரில் ஒரு வீட்டுக்கு அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். அவருக்கு முதுகு வலி. நான் துணைக்குப் போனேன். குளியலறையில் விட்ட தண்ணீர் இறங்காமல் திரும்பி ஏறிக்கொண்டிருந்தது. வீடு முழுக்கப் பளிங்குத் தரை. தரையை உடைக்கக் கூடாது என்பதுதான் வீட்டுக்காரர் போட்ட ஒரே நிபந்தனை. அதற்காகக் கேமரா வந்திருந்தது.

கட்டைவிரல் பருமனில் ஒரு தலை. அதன் முகத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன விளக்குகள். பின்னால் வளையவும் செய்யும், தள்ளினால் நிமிர்ந்தும் போகும் நீளமான கேபிள். கேமராக்காரப் பையன் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மடியில் திரையை வைத்துக்கொண்டான். கேபிளைக் குழாய்க்குள் தள்ளியவர் எங்க நைனா. வெளியே வரும்போது அதில் ஒட்டியிருந்த மலத்தைத் துணியால் வழித்தவரும் அவரே. இயந்திரம் வந்த பிறகும் யார் திரையைப் பிடிப்பது, யார் மலத்தைப் பிடிப்பது என்பதை அங்கே யாரும் யாருக்கும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

ஏழாவது மீட்டரில் தெரிந்தது. இரண்டு மண்குழாய்கள் சேரும் மூட்டு விட்டுப்போய், அந்த இடுக்கு வழியாக வேர் இறங்கியிருந்தது. தலைமுடி மாதிரி கற்றையாக நின்ற வேரில் எண்ணெய்ப் பிசுக்கும் துணியும் சிக்கிக் கிடந்தன. கேமராவின் தலையிலிருந்து வரும் சிக்னலை இன்னொரு கருவியால் தரைமேல் தேடி, பையன் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டான். இரண்டே இரண்டு கல்லைப் பெயர்த்தார்கள். வேலை முடிந்தது. பதிவான படத்தைப் பென் டிரைவில் போட்டு வீட்டுக்காரரிடம் கொடுத்தான்.

ஆனால் வாசல் பக்கத்துத் தொட்டியில் தண்ணீர் இன்னும் நின்றது. காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம், தெருவிலும் அடைப்பு. "எங்க வேலை காம்பவுண்டோட முடிஞ்சிருச்சு சார்" என்று பையன் கேபிளைச் சுற்றிவிட்டான். ஒப்பந்தக்காரர் போனில் பேசினார். "மூடியைத் திறந்து எறங்கிப் பாருய்யா." நைனா சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். நான் வேண்டாம் என்றேன். "போனா வராத, அங்க நில்லு" என்று சொல்லிவிட்டு மார்பளவுக்கு இறங்கினார்.

பளிங்குக் கல்லுக்கு ஒரு கேமரா. எங்க நைனாவுக்கு ஒரு கயிறுகூட இல்லை.

இந்தக் கேமரா நேற்றைக்கு வந்த பொருளா என்று அன்றிலிருந்து தேடிப் படித்தேன். இல்லை தோழர்களே. 1950களிலேயே மேற்கு ஜெர்மனியில், கீல் என்ற துறைமுக நகரத்தில், தண்ணீருக்கடியில் பார்க்கும் கேமரா செய்துகொண்டிருந்த ஒரு நிறுவனம் சாக்கடைக் குழாய்க்கும் தொலைக்காட்சிக் கேமரா செய்தது. அப்போது அது கனத்த உருளை. பெரிய தெருக் குழாயில்தான் போகும். 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாய்ல், ஜார்ஜ் ஸ்மித் இருவரும் ஒளியை மின்னாக்கும் ஒரு சில்லைக் கண்டுபிடித்தார்கள். சிசிடி என்று அதற்குப் பெயர். 2009இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. இந்தச் சில்லுதான் கேமராவைக் கட்டைவிரல் அளவுக்குக் குறுக்கி, நாலு அங்குல வீட்டுக் குழாய்க்குள் அனுப்பியது. பிரிட்டனில் 1980இல் சாக்கடைக் குழாய்களின் நிலையை வகைப்படுத்த ஒரு கையேடே போட்டார்கள். விரிசலுக்கு ஒரு குறியீடு, உடைவுக்கு ஒரு குறியீடு, வேருக்கு ஒரு குறியீடு. குழாய்க்கு நோய் வந்தால் எழுதிவைக்க அங்கே ஒரு மொழியே உண்டாகிவிட்டது.

அவர்கள் கருணையால் இதைச் செய்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ரோட்டைத் தோண்டினால் செலவு, ஆளை இறக்கினால் அதைவிடச் செலவு. ஆகவே கேமரா. இங்கே கணக்கு தலைகீழ். கேமராவின் ஒருநாள் வாடகையைவிட ஆளின் ஒருநாள் கூலி குறைவு. இந்த மலிவு சந்தையில் தானாக வந்ததில்லை. ஒரு குறிப்பிட்ட சேரியில் பிறந்தவன் வேறு வேலைக்குப் போகமுடியாதபடி தலைமுறை தலைமுறையாக அடைத்துவைத்ததால் வந்த மலிவு. சாதி தயாரித்த விலை அது.

நான் தமிழ் எம்.ஏ. படித்தவன். சொற்களைப் பார்ப்பது என் பழக்கம். அரசாங்கத் தமிழில் அந்தக் குழிக்கு 'ஆள்நுழைவுக் குழி' என்று பெயர். ஆள் என்றால் மனிதன். நம்ம ஊர்ப் பேச்சில் ஆள் என்றால் கூலியாளும்தான். "ஆளை வரச்சொல்லு" என்றால் யாரை என்று எல்லோருக்கும் தெரியும். பெயர் வைக்கும்போதே யார் நுழையவேண்டும் என்று எழுதிவிட்டார்கள்.

சட்டம் என்ன செய்தது? 1993இல் வந்த சட்டம் உலர் கழிப்பிடத்தைப் பற்றியே பேசியது. சாக்கடைக் குழி அதன் கண்ணில் படவில்லை. 2013 சட்டம் குழியைப் பார்த்தது. உள்ளாட்சிகள் தகுந்த தொழில்நுட்பக் கருவிகளைப் பயன்படுத்துவது கடமை என்று அதன் 33ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அதே சட்டம், பாதுகாப்புக் கவசம் இல்லாமல் இறக்குவதைத்தான் 'அபாயகரமான' வேலை என்று வரையறுக்கிறது. கவசம் கொடுத்தேன் என்று காகிதத்தில் எழுதிக்கொண்டால் ஆளை இறக்கலாம் என்ற இடுக்கு அதில் இருக்கிறது. அந்த மண்குழாய் மூட்டில் வேர் நுழைந்த மாதிரி, இந்த இடுக்கில் சாதி நுழைந்துகொண்டது.

எங்க பெரியப்பா 2003இல் வடசென்னையில் ஒரு குழியில் செத்தார். விஷவாயு. ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகின முட்டை மாதிரி நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாமல் போகும். வாயு போய்விட்டது என்று நினைத்து இறங்குகிறவன் இறங்கியபடியே விழுவான். பெரியப்பா அப்படி விழுந்தார். ஆனால் காகிதத்தில் 'தவறி விழுந்து' என்று எழுதினார்கள். 2014 மார்ச் 27இல் சஃபாய் கரம்சாரி ஆந்தோலன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், 1993 முதல் சாக்கடையில் செத்தவர்களின் குடும்பங்களுக்கு 10 லட்ச ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது. (2023 அக்டோபரில் வந்த தீர்ப்பு அதை 30 லட்சமாக்கியது.) பெரியம்மா மனு கொடுத்தாங்க. வேலைக்காகத்தான் இறங்கினார் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். தவறி விழப்போகிறவன் சட்டையை மடித்துக் கரையில் வைத்துவிட்டா விழுவான் என்று பெரியம்மா கேட்டாங்க. அதற்குப் பதில் இல்லை. மனு திரும்பி வந்தது.

அண்ணா நகர் வீட்டுக் குழாயின் ஏழாவது மீட்டருக்கு, தேதியும் தூரமும் போட்ட ஆதாரம் பென் டிரைவில் இருக்கிறது. எங்க பெரியப்பா சாவுக்கு ஆதாரம் இல்லை.

2018இல் கேரளத்து இளைஞர்கள் திருவனந்தபுரத்தில் பாண்டிகூட் என்ற இயந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். கேமராவும் கையும் உள்ள அந்த இயந்திரம் மேலே நிற்பவருக்குக் குழியைத் திரையில் காட்டும். அதே வருடம் கும்பகோணத்துக்கும் அது வந்தது. ஆகவே 'நம்ம ஊரில் முடியாது' என்ற பேச்சு செத்துவிட்டது.

நைனாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அவருக்கு மயக்கம் ஒன்றும் இல்லை. "அது ரொம்பின தண்ணிக்குள்ள பார்க்காதுடா. முதல்ல ஜெட் வண்டி வந்து தண்ணிய எடுக்கணும். கேஸும் அதுக்குத் தெரியாது, அதுக்கு வேற மிசின்." அனுபவம் பேசுகிறது. கேமரா மட்டும் நம்மைக் காப்பாற்றாது. தண்ணீர் பீய்ச்சும் வண்டி, வாயுமானி, கேமரா மூன்றும் சேர்ந்தால் இறங்கவேண்டிய அவசியம் எழாது. மூன்றும் விற்பனைக்கு இருக்கிற பொருள்கள்.

நம்முடைய கோரிக்கை இனி, ஆளை இறக்காதே என்பதோடு நிற்கக் கூடாது. மூடியைத் திறக்குமுன் கருவி வரவேண்டும். வேலையின் பதிவு தொழிலாளியின் கையிலும் இருக்கவேண்டும். அந்தக் கருவியை இயக்கும் சம்பள வேலை, இத்தனை நாள் உடம்பால் குழியை அறிந்தவர்களுக்கே முதலில் வரவேண்டும். இல்லாவிட்டால் கேபிள் தள்ளுவதும் துடைப்பதும் நமக்கு, திரை அவர்களுக்கு என்று புது வர்ணாசிரமம் ஒன்று எழுதப்படும்.

நைனா இப்போது வேலைக்குப் போவதில்லை. போன மாதம் டிவியில் அப்படி ஒரு கேமராவைக் காட்டினார்கள். பார்த்துக்கொண்டே இருந்தவர் சொன்னார்: "அந்தப் பொட்டிய என்கிட்ட குடுக்கச் சொல்லுடா. முப்பது வருசம் கண்ணை மூடிக்கினு பார்த்தவன் நான். கண்ணைத் தொறந்து ஒரு வாட்டி பார்க்கிறேன்."