புதுவை வழக்காற்றில் பின்பிறந்தார் வரவும் முன்பிறந்தார் உரிமையும்

குடும்பத்தில் ஒரு மகவு பிறத்தல் மங்கல நிகழ்ச்சி. எனினும், சட்ட நூலார் நோக்கில் அது ஒரு கணக்கு மாற்றமும் ஆகும். தந்தையின் பொருள் பெருகாதிருக்க, அதனை நம்பி வாழ்வோர் தொகையில் ஒன்று கூடுகின்றது. மக்கள் அனைவரும் ஓரில்லத்தில் வாழுங்கால் இம்மாற்றம் அடுக்களையிலேயே தீர்ந்துவிடும். தந்தை முதற் குடும்பத்தை விட்டு நீங்கி வேறொரு குடும்பம் அமைத்து, ஆங்கே புதிதாக ஒரு மகவு பிறக்குமாயின், அது வழக்காகி மன்றம் ஏறும். முன்பிறந்த மக்களுக்குரிய பொருள் அதனால் குறையுமோ? குறையுமெனின், எவ்வளவு? எப்பொழுது? இவ்வினாக்களை ஆராய்தற்குப் புதுவை நகரைப்போல் வாய்ப்பான இடம் காண்டல் அரிது. ஒரே தெருவில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களை அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட சட்டங்கள் ஆண்டன, இன்றும் ஆள்கின்றன.

இந்நிலை தோன்றிய வரலாற்றை முதற்கண் சுருங்கக் காண்போம். பதினெட்டாம் நூற்றாண்டில் புதுவைத் தமிழரின் வழக்குகளைச் சாவடி நீதிமன்றம் விசாரித்தது. ‘சாவடி’ என்னும் தமிழ்ச் சொல்லே பிரெஞ்சு ஆவணங்களில் ‘ஷோத்ரி’ என உருத்திரிந்து வழங்கிற்று. 1819ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் பிரெஞ்சுக் குடிமைச் சட்டத் தொகுப்பு புதுவையில் அறிவிக்கப்பெற்றது. ஆயினும், இந்தியர்கள், கிறித்தவராயினும் முகம்மதியராயினும் இந்துக்களாயினும், முன்போலவே தத்தம் சாதி வழக்காறுகளின்படியே தீர்ப்பளிக்கப்பெறுவர் என்பதும் அவ்வறிவிப்பிலேயே உறுதி செய்யப்பெற்றது. அவ்வழக்காறுகள் யாவை என மன்றத்திற்கு எடுத்துரைக்க 1827இல் இந்தியச் சட்ட ஆலோசனைக் குழு ஒன்று அமைந்தது. அக்குழுவின் கருத்துரைகளை லியோன் சோர்க் தொகுத்தார். ஞானு தியாகு முதலியார் போன்ற புதுவை அறிஞர்கள் இந்து சட்டத்தைப் பிரெஞ்சு மொழியில் நூலாக்கினர்.

இதன்பின் வந்த 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணை மற்றொரு வாயிலைத் திறந்தது. இருபத்தொரு வயது நிரம்பிய எவரும் தம் சாதி, சமயம் சார்ந்த தனிநிலையைத் துறந்து, பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்திற்கு உட்படலாம் என அது விதித்தது. இங்ஙனம் துறந்தார் ‘ரெனோன்சான்’ எனப்பெற்றனர். இவ்வியக்கத்தில் முன்னின்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை ‘லப்போர்த்’ என்னும் குடும்பப் பெயரைச் சூடிக்கொண்டார். துறவு மீட்க முடியாதது. துறந்தவனோடு அவன் மனைவியையும் வயது வராத மக்களையும் அது கட்டும். இத்தொடரில் அடங்கிய விளைவைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். வயது வந்த மூத்த மகன் தானே துறவானாயின், அவன் பழைய வழக்காற்றிலேயே நிற்பான். இளைய மகனும், இனிப் பிறக்கும் மகவும் பிரெஞ்சுச் சட்டத்தின்கீழ் வருவர். ஒரு தந்தையின் மக்களே இரு சட்டங்களுக்கு உரியராயினர்.

இனி, பிறப்பு ஒன்று முன்பிறந்தாரின் உரிமையை மாற்றும் வகையை ஒவ்வொரு சட்டத்திலும் காண்போம்.

தமிழகத்தின் பெரும்பகுதியில் வழங்கிய மிதாட்சர முறையில் மகன் பிறந்தபோதே குடும்பச் சொத்தில் உரிமை பெறுவான். தந்தையும் ஒரு மகனும் இருப்பின் மகன் பங்கு 1/2; இரண்டாமவன் பிறந்தால் ஒவ்வொருவர்க்கும் 1/3; மூன்றாமவன் பிறந்தால் 1/4. பிறப்பால் பங்கு சுருங்கும், இறப்பால் விரியும். 2005ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப்பின் மகளும் இக்கணக்கில் இடம்பெறுகின்றாள். ஆனால், பாகப்பிரிவினை நடந்த அன்றே கணக்கு முடிந்துவிடும். பிரிவினைக்குப் பின்னர்க் கருவுற்றுப் பிறந்த மகன், பிரிந்துபோன தமையன்மாரின் பங்கில் கைவைக்க இயலாது. தந்தையிடம் எஞ்சிய பொருளுக்கே அவன் உரியன். மனுவும் யாஞ்ஞவல்கியரும் இதனை விதித்துள்ளனர். பிரிவினை நாளில் தாயின் கருவிலிருந்த மகவோ பிறந்ததாகவே கொள்ளப்பெறும்.

புதுவையில் பிரெஞ்சு நீதிமன்றங்கள் ஏற்று நடத்திய இந்து வழக்காறு இதனின் வேறுபட்டது. அங்கே மகனுக்குப் பிறப்பால் வரும் பங்குரிமை இல்லை. தந்தை வாழும் நாள்வரை சொத்திற்கு அவனே முழு உரிமையாளன். பிரித்துத் தருக என மகன் வழக்கிட முடியாது. ஆதலின், புதிய மகவின் வரவால் முன்பிறந்தாரின் பங்கு குறைவதில்லை. குறைதற்குப் பங்கே இல்லை. இது நன்மைபோல் தோன்றினும், இதன் மறுபுறம் கடுமையானது. தந்தை பிற குடும்பத்தை நாடிச் சென்றால், முதற் குடும்பத்துச் சிறுவர்க்கு எஞ்சிய பற்றுக்கோடு சீவனாம்சம் ஒன்றே. சென்னை மாநிலத்தில் 1949ஆம் ஆண்டுச் சட்டம் இந்துக்களின் இருதார மணத்தைத் தடுத்தது. புதுவையிலோ இந்துத் திருமணச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1963 அக்டோபர் முதல் நாளில்தான். எனவே, இரண்டாம் மனைவியும் அவள் மக்களும் சட்டப்படியே குடும்பத்தில் இடம்பெறும் நிலை அங்கே அதுவரை நீடித்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

துறந்தார்க்குரிய பிரெஞ்சுச் சட்டம் மூன்றாவது நெறி. தந்தை தன் விருப்பப்படி பிறர்க்குக் கொடுக்கலாகாத ஒரு பகுதியை அது மக்களுக்கென ஒதுக்கி வைக்கின்றது. ஒரு மகவு இருப்பின் சொத்தில் 1/2, இருவராயின் 2/3, மூவர்க்கும் மேற்பட்டார்க்கும் 3/4 ஒதுக்கப்பெறும். ஒவ்வொருவர்க்கும் வருவதைப் பகுத்து நோக்கினால் 1/2, 1/3, 1/4 என ஆகும். மிதாட்சரம் தந்த எண்களும் இவையே! நான்காம் மகவு பிறக்கும்போதுதான் கணக்கு பிரியும். மிதாட்சரத்தில் 1/5, பிரெஞ்சுச் சட்டத்தில் 3/16. தொடர்பற்ற இரு சட்ட மரபுகள் மூன்று மக்கள்வரை ஒரே அளவைத் தருவது வியப்பிற்குரியது. எனினும், எண் ஒத்திருப்பினும் எண்ணும் காலம் ஒவ்வாது. மிதாட்சரம் பிரிவினை நாளில் தலை எண்ணுகின்றது. பிரெஞ்சுச் சட்டம் தந்தை இறந்த நாளில் எண்ணுகின்றது. முன்னதில் மூத்தவன் உரிய காலத்தே பிரிந்து தன்னைக் காத்துக்கொள்ளலாம். பின்னதில் தந்தையின் இறுதி மூச்சுவரை பிறக்கும் ஒவ்வொரு மகவும், அவன் இறக்கும்போது கருவிலிருக்கும் மகவும்கூட, கணக்கில் சேரும்.

இந்த இடர்ப்பாட்டைப் பிரெஞ்சு மரபினர் உணராதவரல்லர். 1560ஆம் ஆண்டிலேயே மறுமணம் பற்றிய அரசாணை ஒன்று அந்நாட்டில் பிறந்தது. அதன் வழிவந்த விதி, முன்மணத்து மக்கள் இருக்க மறுமணம் செய்வோர், புதிய துணைக்குக் கொடுக்கும் கொடை மிகக் குறைந்த பங்கு பெறும் பிள்ளையின் பங்கையோ, சொத்தில் 1/4ஐயோ விஞ்சலாகாது என்றது. இவ்விதி புதிய துணையைத் தடுக்கின்றதேயன்றிப் புதிய மகவைத் தடுக்கவில்லை. மகவு எந்த மணத்திற் பிறந்ததாயினும் சமமே என்னும் கொள்கை அங்கே தெளிவாகின்றது.

கடல் கடந்த யாழ்ப்பாணத் தமிழர் கண்ட வழி இவ்விரண்டினும் வேறானது. ஒல்லாந்தர் ஆட்சியில் 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமையின்படி, மனைவியை இழந்தவன் மறுமணம் செய்ய விழைந்தால், முதல் மனைவியின் மக்களை அவள் பெற்றோரிடம் ஒப்படைத்து, அவள் கொணர்ந்த சீதனம் முழுவதையும், அம்மணக் காலத்தில் தேடிய தேட்டத்தில் பாதியையும் அவர்க்கென நீக்கிவிடுதல் வேண்டும். பின்பிறந்தார் வருமுன்னரே முன்பிறந்தார் பொருள் வரையறுக்கப்பெறுகின்றது. இங்கே கணக்கெடுக்கும் நாள் மறுமண நாள்.

பங்கு பற்றிய இவ்விதிகள் யாவும் ஒரு நாளைக் குறித்து நிற்க, சீவனாம்சம் மட்டும் நாளை வரையறுப்பதில்லை. பசி நாள்தோறும் வருவது. ஆகவே கணக்கும் மாறிக்கொண்டே இருக்கும். பிரெஞ்சுத் தொகுப்பின் 203ஆம் விதி, மக்களை ஊட்டி வளர்த்துப் பேணும் கடனைப் பெற்றோர் மீது சுமத்துகின்றது. 208ஆம் விதி கேட்பவரின் தேவையையும் கொடுப்பவரின் வளத்தையும் ஒருங்கே சீர்தூக்கச் சொல்கின்றது. நிலைமை மாறின் தொகையைக் குறைக்கலாம் என்பது 209ஆம் விதி. 1956ஆம் ஆண்டின் இந்து மகவேற்பு, சீவனாம்சச் சட்டமும் இதனையே வேறு சொற்களில் கூறுகின்றது. அதன் 23ஆம் பிரிவு, தொகையை வரையறுக்குங்கால் சீவனாம்சம் பெற உரியார் எத்துணையர் என்பதையும் மன்றம் நோக்குமாறு பணிக்கின்றது. 25ஆம் பிரிவு, சூழ்நிலை மாறினால் தொகையையும் மாற்ற இடந்தருகின்றது. புதிய மகவு சட்டத்தினுள் நுழையும் வாயில் இவையே.

1962 ஆகஸ்டு 16ஆம் நாள் புதுவை சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தது. அடுத்த ஆண்டு இந்து சட்டங்கள் அங்கு விரிவுபடுத்தப்பெற்றபோது, துறந்தார்க்கு அவை பொருந்தா என்னும் விலக்கும் சேர்க்கப்பெற்றது. ஆதலின், இந்து மகவேற்பு, சீவனாம்சச் சட்டத்தைச் சுட்டி ஓர் இந்துக் குடும்பத்துச் சிறுவன் கேட்கும் தொகையைத் துறந்தார் குடும்பத்துச் சிறுவன் பிரெஞ்சுத் தொகுப்பைச் சுட்டியே கேட்டல் வேண்டும். ஆயினும், சமயமும் தனிநிலையும் நோக்காது, ஆதரவற்ற மனைவி மக்களுக்குச் சீவனாம்சம் தரும் பொதுச் சட்டம் இருவர்க்கும் பொது. முன்பு 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125, 127ஆம் பிரிவுகளில் நின்ற அவ்விதிகள், 2024 சூலை முதல் நாளிலிருந்து புதிய சட்டத்தின் 144, 146ஆம் பிரிவுகளாக விளங்குகின்றன. இருதரப்பாரும் தம் வருவாயையும் சொத்தையும் தம்மை நம்பி வாழ்வோரையும் உறுதிமொழி ஆவணத்தில் வெளியிடல் வேண்டும் என 2020இல் உச்ச நீதிமன்றம் நெறிப்படுத்தியது. புதிய மகவைக் காரணம் காட்டுவோன் தன் வருவாயையும் காட்டியே தீரவேண்டும் என்பது இதனாற் போதரும்.

எவ்வளவு குறையலாம் என்பதற்கு இந்தியச் சட்டம் எண் எதனையும் தரவில்லை. பிரான்சு நாட்டு நீதித்துறை 2010இல் வெளியிட்ட வழிகாட்டு அட்டவணை ஒப்புநோக்கற்குரியது. பிள்ளை வழக்கமான முறையில் தாயிடமோ தந்தையிடமோ தங்கி, மற்றவரைக் காணச் சென்றுவரும் நிலையில், கொடுப்பவரின் வாழ்க்கைக்கு வேண்டிய குறைந்த அளவு கழித்து எஞ்சிய வருவாயில், ஒரு பிள்ளைக்கு நூற்றுக்கு 13.5, இருவராயின் தலைக்கு 11.5, மூவராயின் தலைக்கு 10 என அது வகுத்தது. எல்லா மணங்களிலும் பிறந்த பிள்ளைகளும் இத்தொகையில் எண்ணப்பெறுவர். இரண்டாம் பிள்ளை வந்ததும் முதற்பிள்ளையின் பகுதி பாதியாகவில்லை. ஏறத்தாழ ஏழில் ஒரு கூறே குறைகின்றது. தந்தையின் மொத்தக் கடனோ 13.5இலிருந்து 23ஆக உயர்கின்றது. புதிய மகவின் சுமையில் பெரும்பகுதியைத் தாங்குவோன் அதனைப் பெற்றவனே என்னும் கருத்து இவ்வெண்களில் பொதிந்துள்ளது.

இதுகாறும் கண்டவற்றால் ஒன்று தெளிவாகும். பங்குச் சட்டத்தில் பிறப்பு, உரிமையையே பகுக்கின்றது. அங்கே முன்பிறந்தாரைக் காப்பது கணக்கெடுக்கும் நாள். சீவனாம்சத்தில் பிறப்பு அளவை மாற்றலாமேயன்றி உரிமையைத் தொடுவதில்லை. அங்கே அவரைக் காப்பது தேவையும் வளமும் பற்றிய மெய்யான விசாரணை. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழைத்து, ‘இன்னொரு பிள்ளை பிறந்தது, ஆகவே முன்னைய தொகை பாதி’ எனப் பாகப்பிரிவினைக் கணக்கைச் சீவனாம்சத்திற்கு ஏற்றுவது சட்டத்திற்கும் அறத்திற்கும் ஒவ்வாது. முதலில் தந்தை தன் செலவைச் சுருக்குதல் வேண்டும்; புதிய துணையின் வருவாயும் புதிய மகவின் பேணலுக்குக் கணக்கில் வருதல் வேண்டும்; அதன் பின்னரே முன்பிறந்தாரின் தொகையைக் குறைப்பது பற்றிய பேச்சு எழலாம். பின்பிறந்த மகவு இதில் எதிர்வழக்காடி அன்று. அதுவும் அதே தந்தையிடம் அதே கடனைக் கேட்டு நிற்கும் மற்றொரு பிள்ளையே.

புதுவைச் சாவடி நீதிமன்றத்தின் 1766 முதல் 1817 வரையிலான தீர்ப்புகள் அச்சில் வந்துள்ளன. தமிழ் வழக்காறு பிரெஞ்சு எழுத்தரின் கையில் எவ்வாறு உருப்பெற்றது என்பதை அவற்றிற் காணலாம். தமிழும் பிரெஞ்சும் கற்ற ஆய்வாளர் அவற்றைச் சோர்க் தொகுத்த கருத்துரைகளோடு ஒப்பவைத்து, சிறுவர் பேணல் பற்றிய வழக்குகளைத் தனியே பிரித்து ஆராய்வாராயின், தமிழ்க் குடும்ப வரலாற்றின் ஒரு முதன்மையான பகுதி விளக்கம் பெறும்.