வேண்டாத வெளிச்சத்தை அடைத்தவர்கள்

சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்கு வந்தது 1937இல். அதற்கு முன்பே அந்தப் பழைய கட்டடத்தில் படித்து, வேதியியல் ஆய்வகத்தில் மாணவர்களுக்குச் செய்முறை விளக்கியவர் வத்திராயிருப்பில் பிறந்த இயற்பியலாளர் கே.எஸ். கிருஷ்ணன். தாம்பரம் பக்கத்தில் ஒளியியல் செய்முறை வகுப்பு எடுத்து ஓய்வுபெற்றவன் நான். பிளாஸ்மாவின், அதாவது எலெக்ட்ரான்கள் அணுக்களை விட்டுப் பிரிந்து திரியும் வாயுவின், வெப்பத்தை லேசரால் அளக்கும் கதையை எப்போதும் கிருஷ்ணனிடமிருந்துதான் தொடங்குவேன்.

1928இல் கல்கத்தாவில் சி.வி. ராமனும் அவரும் முதலில் செய்தது சுத்தம். திரவத்தில் தூசு கிடந்தால் மூலக்கூறு சிதறடிக்கும் ஒளி அதன் பளபளப்பில் மூழ்கிவிடும். அதனால் திரவத்தை வெற்றிடத்தில் திரும்பத் திரும்பக் காய்ச்சி வடித்தார்கள். பிறகு சூரிய ஒளியை நீல ஊதா ஃபில்டர் வழியே அனுப்பி, பார்க்கும் பக்கத்தில் அந்த நிறத்தை அடைக்கும் ஃபில்டரை வைத்தார்கள். அதையும் தாண்டி மங்கலாக ஒரு தடம் தெரிந்தது. நிறம் மாறிய அந்த ஒளிதான் ராமன் விளைவு.

லேசர் 1960இல் பிறந்ததும் அதே சிக்கல் பிளாஸ்மாவில் பெரிதாக வந்தது. கன சென்டிமீட்டருக்கு 10 லட்சம் கோடி எலெக்ட்ரான்கள் இருந்தாலும், ஒரு சென்டிமீட்டர் பாதையில் லட்சம் கோடி ஃபோட்டான்களுக்கு ஏழுதான் சிதறும். ஜன்னல் கண்ணாடியிலும் உலோகச் சுவரிலும் தெறிக்கும் ஒளியோ அதைவிடப் பல மடங்கு.

அதைக் குறைக்க, லேசர் நுழையும் ஜன்னலைத் தெறிப்பு மிகக் குறையும் புரூஸ்டர் கோணத்தில் சாய்த்து, நீண்ட குழாயின் கடைசியில் வைத்தார்கள். குழாய்க்குள் கூர்விளிம்புத் தடுப்பு வளையங்கள். கதிர் போய் முடியும் இடத்தில் அதை விழுங்கும் பொறி. லென்ஸுக்கு எதிர்ச்சுவரில் கறுப்புப் பரப்பு. மிஞ்சும் தெறிப்பு லேசரின் நிறத்திலேயே இருக்கும். ஆனால் வேகமாக ஓடும் எலெக்ட்ரான்கள் சிதறடிக்கும் ஒளியின் நிறம் இருபுறமும் விரியும்; வெப்பம் கூடினால் விரிவும் கூடும். எனவே லேசர் நிறத்தை அடைத்துவிட்டுப் பக்கத்து நிறங்களை அளந்தார்கள். பிளாஸ்மா குளிர்ந்ததாக இருந்தால் விரிவு குறுகி, வேலை இன்னும் கடினமாகும்.

காந்தப்புலத்தால் பிளாஸ்மாவை அடைத்து வைக்கும் மாஸ்கோவின் டி-3 டோகமாக் கருவியில் வெப்பம் 1 கோடி டிகிரியை எட்டியது என்று சோவியத் அறிஞர்கள் சொன்னபோது மேற்கில் பலர் நம்பவில்லை. இங்கிலாந்தின் கல்ஹாம் ஆய்வகக் குழு ரூபி லேசரோடு அங்கேயே போய் அளந்து, 1969இல் அது உண்மை என்று வெளியிட்டது. உலகமே டோகமாக்கின் பக்கம் திரும்பியது.

செய்முறை நடத்தும் ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இது: அளவை எடுக்கச் சொல்வதற்கு முன், வேண்டாத வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தேடி அடைக்க மாணவர்களுக்கு நேரம் கொடுங்கள். அந்த வேலைக்கும் மதிப்பெண் போடுங்கள்.